ஆப்சலூட் எல்ஸ்வேர்: நெய்ததா, ஒட்டுப்போட்டதா?

2024 அக்டோபர் 6, காலை (ஒரு வாசகர் எழுதியது)

பிளட் இன்கான்டேஷன் குழுவின் புதிய ஆல்பமான ‘ஆப்சலூட் எல்ஸ்வேர்’ வெள்ளிக்கிழமை வெளிவந்தது. நான்கு முறை கேட்டுவிட்டேன். டெத் மெட்டல் பகுதிகள் (கனத்த கிட்டாரும் உறுமும் குரலும்) நன்றாக இருக்கின்றன; எழுபதுகளின் ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டை நினைவூட்டும் பகுதிகளும் நன்றாக இருக்கின்றன. ஆனால் அவை இரண்டும் ஒரே வீட்டில் முகம் பார்க்காமல் குடியிருக்கும் இரண்டு குடித்தனங்களைப் போல இருக்கின்றன. இது நெய்த துணி அல்ல, ஒட்டுப்போட்ட துணி. மறுப்பவர்கள் உண்டா?

2024 அக்டோபர் 6, இரவு (இதுமுதல் எல்லாம் என் பதில்கள்)

மறுப்பதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். பாதி எழுதியபோது, பாதியளவு உடன்படுகிறேன் என்பது எனக்கே தெரிந்தது.

கேட்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் டென்வர் நகரத்தைச் சேர்ந்த இந்த நால்வரும் இம்முறை இரண்டே பாடல்களைத் தந்திருக்கிறார்கள். முதலாவது ‘தி ஸ்டார்கேட்’, இருபது நிமிடங்களுக்குச் சற்று மேல். இரண்டாவது ‘தி மெசேஜ்’, இருபத்து மூன்று நிமிடங்களுக்கு மேல். ஒவ்வொன்றும் மூன்று ‘டேப்லெட்’களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, மாத்திரை அல்ல, பழைய சுமேரியர்கள் எழுதிவைத்த களிமண் பலகை என்ற பொருளில்.

நான் இக்குழுவிடம் 2019இல் வந்த ‘ஹிடன் ஹிஸ்டரி ஆஃப் தி ஹியூமன் ரேஸ்’ ஆல்பத்தின் வழியாக மாட்டிக்கொண்டவன். அதன் கடைசிப் பாடல் பதினெட்டு நிமிடம் ஓடும். அதன் தலைப்பை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க இன்றுவரை என்னால் முடியவில்லை. அந்தப் பாடலில் ரிஃப்கள், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குகள், ஒன்றின்மீது ஒன்று ஏறி வருவதைக் கேட்டபோது, இவர்கள் எதை எடுத்தாலும் டெத் மெட்டலுக்குள் கரைத்துவிடுவார்கள் என்று நம்பினேன். புதிய ஆல்பத்தில் அந்தக் கரைப்பு நடக்கவில்லை. ‘தி ஸ்டார்கேட்’ தொடங்கி ஏறத்தாழ இரண்டு நிமிடத்தில், முழு வேகத்தில் அடித்துக்கொண்டிருந்த பிளாஸ்ட் பீட் என்னும் டிரம்ஸ் அடி நின்று, சிந்தசைசர் மிதக்கும் ஒரு சோம்பலான தாளம் வந்துவிடுகிறது. கதவு திறக்கும் ஓசைகூட இல்லை, சுவரே காணாமற்போய்விட்டது. ஜெர்மனியின் சிந்தசைசர் இசைக்குழுவான டேன்ஜரின் ட்ரீமின் தோர்ஸ்டன் குவேஷ்னிங் வாசித்திருக்கும் கீபோர்டுகள் ஆல்பம் முழுவதும் அழகாக இருக்கின்றன என்பதை மறுக்க முடியாது; ஆனால் அழகு வேறு, பொருத்தம் வேறு.

2024 அக்டோபர் 7

நேற்று எழுதியதில் பிழை இருக்கிறது. குவேஷ்னிங் பங்கேற்றிருப்பது ‘தி ஸ்டார்கேட்’டின் இரண்டாம் டேப்லெட்டில். ஆல்பத்தின் மற்ற இடங்களில் நாம் கேட்கும் கீபோர்டு பெரும்பாலும் ஸ்வீடனின் ஹெலாஸ் குழுவைச் சேர்ந்த நிக்லாஸ் மால்ம்க்விஸ்ட்டின் கைவண்ணம். பெரிய பெயரைக் கண்டதும் எல்லாப் புகழையும் அவர் கணக்கில் எழுதிவிடும் பழக்கத்தை நான் குறைத்துக்கொள்ள வேண்டும்.

2024 அக்டோபர் 9

இணைப்புகளை மட்டும் கவனிப்பது என்று முடிவு செய்து, இன்று அலுவலகம் போகவர ஆறு டேப்லெட்களையும் இருமுறை கேட்டேன். எனக்குத் தோன்றியது இதுதான்: டேப்லெட்டுக்குள் நிகழும் திருப்பங்களில் குறை சொல்ல இடம் குறைவு, ஒரு டேப்லெட் முடிந்து அடுத்தது தொடங்கும் எல்லைகளில்தான் குழப்பம் இருக்கிறது. குறிப்பாக ‘தி ஸ்டார்கேட்’டின் முதற்பகுதி முடிந்து இரண்டாம் பகுதி வரும் இடத்தில், பக்கத்து வீட்டு வானொலியும் நம் வீட்டு வானொலியும் ஒரே நேரத்தில் ஓடுவதுபோல இருக்கிறது. கிட்டார் ஒரு தாளத்தில் இருக்கிறது, அதன் கீழே சிந்தசைசர் வேறொரு காலத்தில் எழுகிறது. தயாரிப்பாளர் ஆர்தர் ரிஸ்க், பவர் ட்ரிப் குழுவின் 2017ஆம் ஆண்டு ஆல்பத்தை எவ்வளவு தெளிவாகச் செதுக்கித் தந்தவர்! அவர் இப்படியொரு மங்கலை விட்டுவைத்திருப்பார் என்று நம்பக் கடினமாக இருக்கிறது. ஒருவேளை கனவிலிருந்து கனவுக்குள் விழும் உணர்வுக்காக வேண்டுமென்றே செய்திருக்கலாம். அப்படியானால் அந்தத் துணிச்சலை மதிக்கிறேன், விளைவை மதிக்கவில்லை.

2024 அக்டோபர் 10

மேலே உள்ள குறிப்பை அழித்துவிடலாம் என்று நினைத்தேன். பிறகு, என் அவமானம் பிறருக்குப் பயன்படட்டும் என்று விட்டுவைத்தேன்.

மூன்று மாதங்களுக்கு முன் தங்கை மகனின் பிறந்தநாளுக்குப் பாட்டுகள் இடைவெளி இல்லாமல் ஓட வேண்டும் என்பதற்காக என் தொலைபேசிச் செயலியில் ஒரு வசதியை இயக்கி வைத்திருந்தேன். ஒரு பாடலின் கடைசி எட்டு விநாடிகளும் அடுத்ததன் முதல் எட்டு விநாடிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழையும் வசதி அது. விழா முடிந்தது, கேக் முடிந்தது, அந்த எட்டு விநாடி மட்டும் என்னோடு தங்கிவிட்டது. ஆறு டேப்லெட்களையும் செயலி ஆறு தனிப்பாடல்களாக எண்ணுகிறது. எனவே ஒவ்வோர் எல்லையிலும் நான் கேட்டது ரிஸ்க்கின் கலவை அல்ல, என்னுடைய கலவை. துணிச்சலை மதித்ததும் என் துணிச்சலைத்தான்.

வசதியை அணைத்துவிட்டேன். எல்லைகள் கத்தியால் வெட்டியதுபோலத் தெளிவாக இருக்கின்றன. இந்த விவாத இழையைத் தொடங்கிய நண்பரும் தம் செயலியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

2024 அக்டோபர் 13

சரிபார்த்துவிட்டாராம், அவர் செயலியில் அப்படி எதுவும் இல்லையாம். ஆகவே அவருடைய குற்றச்சாட்டு அப்படியே நிற்கிறது, என்னுடையதுதான் விழுந்துவிட்டது. இப்போது முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

கடந்த மூன்று நாட்களில் நான் கிட்டாரைக் கேட்பதை வேண்டுமென்றே நிறுத்திவிட்டேன். இது எளிதல்ல, பால் ரீடலும் மோரிஸ் கோலோன்டிர்ஸ்கியும் நம் கவனத்தைக் கேட்டு வாங்குபவர்கள் அல்லர், பிடுங்கிக்கொள்பவர்கள். ஆனால் அவர்களை ஒதுக்கிவிட்டு ஜெஃப் பாரெட்டின் பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்தால், ஆல்பம் வேறொன்றாகத் தெரிகிறது. அவர் வாசிப்பது ஃபிரெட்லெஸ் பேஸ். கழுத்தில் உலோகக் கட்டுகள் இல்லாததால் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு விரல் வழுக்கிக்கொண்டே போகும், வீணையைவிட வயலினுக்கு நெருக்கமான முறையில். டெத் மெட்டல் பகுதியில் அந்த வழுக்கல் ரிஃப்களுக்கு அடியில் ஈரமான சேறுபோல அசைகிறது. இரண்டு நிமிடத்தில் அந்தச் சுவர் காணாமற்போகும் இடத்தில் கிட்டார் மாறுகிறது, குரல் மறைகிறது, காற்றே மாறிவிடுகிறது; பேஸின் குணம் மட்டும் மாறவில்லை. அதே சேறுதான், இப்போது மேலே தெளிந்த நீர் நிற்கிறது.

ஐசக் ஃபால்க்கின் டிரம்ஸும் அப்படித்தான். இந்தக் காலத்து டெத் மெட்டல் ஒலிப்பதிவுகள் பலவற்றில் கணினி உதவியோடு ஒவ்வோர் அடியும் ஒரே அளவில், தட்டச்சுப்பொறிபோல விழும். இங்கே தோலும் மரமும் கேட்கின்றன. பிளாஸ்ட் பீட்டின்போது ஸ்நேர் டிரம்மில் எந்தக் கை அடித்ததோ, அதே கைதான் மெதுவான பகுதியிலும் அடிக்கிறது என்பதைக் காது தானாக அறிந்துகொள்கிறது.

இராகமாலிகை கேட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல என்று தோன்றுகிறது. சரணத்துக்குச் சரணம் இராகம் மாறும், தாளம் மாறாது. மோகனத்திலிருந்து வேறோர் இராகத்துக்குப் போகும்போது ஒட்டுப்போட்டதாக நாம் புகார் சொல்வதில்லை. தாளம் நம் தொடையில் விழுந்துகொண்டே இருப்பதுதான் காரணம். பிளட் இன்கான்டேஷனில் நெசவு மேலே இல்லை, கீழே இருக்கிறது.

2024 அக்டோபர் 14

இராகமாலிகை உவமைக்கு எதிர்ப்பு வந்துவிட்டது. “ஃபால்க்கின் தாளம் மாறிக்கொண்டே இருக்கிறதே, வேகமும் மாறுகிறது, எண்ணிக்கையும் மாறுகிறது, பிறகு எங்கே உங்கள் ஆதிதாளம்?” நியாயம். உவமையைத் திரும்பப் பெறுகிறேன். மாறாமல் இருப்பது தாளம் அல்ல, வாத்தியத்தின் குரலும் வாசிப்பவரின் கையும்தான். அதைச் சொல்ல இராகமாலிகை தேவையில்லை.

2024 அக்டோபர் 16

“இதற்குமுன் எவரும் செய்யாத முயற்சி” என்று இன்னொரு நண்பர் எழுதியிருப்பதை விட்டுவிட மனம் வரவில்லை. டெத் மெட்டல் தன் இளமையிலேயே விண்வெளிக்குப் போய்விட்டது. புளோரிடாவின் நாக்டர்னஸ் குழு 1990இலேயே நிரந்தரமாக ஒரு கீபோர்டு கலைஞரை வைத்துக்கொண்டு அறிவியல் புனைவைப் பாடியது. 1993இல் மட்டும் எத்தனை! சினிக் குழுவின் ‘ஃபோகஸ்’ ஆல்பத்தில் இயந்திரக் குரலும் ஜாஸ் அசைவுகளும் வந்தன. நெதர்லாந்தின் பெஸ்டிலன்ஸ் கிட்டாரையே சிந்தசைசராக்கியது. 1996இல் ஸ்வீடனின் எட்ஜ் ஆஃப் சானிட்டி நாற்பது நிமிடத்தை ஒரே பாடலாக வெளியிட்டது. ஃபிரெட்லெஸ் பேஸை ‘டெத்’ என்ற பெயருடைய குழுவில் ஸ்டீவ் டிஜார்ஜியோ அதே 1993இல் வாசித்துக் காட்டியாயிற்று.

அப்படியானால் இவர்கள் செய்த புதுமைதான் என்ன? மேற்சொன்ன குழுக்கள் பெரும்பாலும் மெட்டலுக்குள் வெளியிசையைக் கொண்டுவந்து அதை மெட்டலின் விதிப்படி நடக்கச் சொன்னார்கள். பிளட் இன்கான்டேஷன் வெளியிசையை அதன் விதிப்படியே, அதன் நிதானத்தோடு, அதன் நேர அளவோடு இருக்கவிட்டது. 2022இல் ‘டைம்வேவ் ஜீரோ’ என்ற பெயரில் டிரம்ஸும் உறுமலும் இல்லாத முழுச் சிந்தசைசர் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது நினைவிருக்கும். அதைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு நான் வயிறெரிந்ததும் எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. ஆறு மாதம் கழித்துக் காய்ச்சலில் படுத்திருந்தபோது வேறு எந்த இசையும் தாங்க முடியாமல் அதைப் போட்டேன். அன்று முதல் அது என் வீட்டில் மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பயிற்சி இல்லாமல் இப்போதைய ஆல்பத்தின் அமைதிப் பகுதிகளுக்கு இவ்வளவு தன்னம்பிக்கை வந்திருக்காது.

2024 அக்டோபர் 20

பதிவு நடந்த இடத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெர்லினில் உள்ள ஹன்சா ஸ்டூடியோ. பெர்லின் சுவர் இருந்த காலத்தில் அதற்கு மிக அருகில் நின்ற கட்டடம். டேவிட் போவி 1977இல் ‘ஹீரோஸ்’ பதிவு செய்தது அங்கேதான். டேன்ஜரின் ட்ரீமை 1967இல் எட்கர் ஃப்ரோசே தொடங்கியதும் அதே நகரத்தில். அவர் 2015இல் மறைந்தபிறகு குழுவை நடத்திவருபவர் குவேஷ்னிங். ஆக, டென்வர் இளைஞர்கள் டேன்ஜரின் ட்ரீமின் சிந்தசைசர் இசையைப் பிரதி எடுக்கவில்லை, அது பிறந்த ஊருக்கே போய் அந்த வீட்டுக்காரரையே அழைத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இதில் ஓர் ஐயமும் இருக்கிறது. கோயிலுக்குப் போய்வந்தவரெல்லாம் பக்தர் ஆகிவிடுவதில்லை. ‘தி ஸ்டார்கேட்’டின் இரண்டாம் டேப்லெட்டைத் தனியாகக் கேட்டால், 1974, 1975ஆம் ஆண்டுகளின் டேன்ஜரின் ட்ரீமுக்குச் செலுத்திய காணிக்கை என்பதற்குமேல் அது போகிறதா என்று எனக்குச் சந்தேகம். இரண்டு டெத் மெட்டல் பலகைகளுக்கு நடுவே வைத்தால் மட்டுமே அது உயிர்பெறுகிறது. இதை நண்பரின் ‘ஒட்டு’ வாதத்துக்கு ஆதரவாகவும் கொள்ளலாம், எதிராகவும் கொள்ளலாம். நான் எதிராகக் கொள்கிறேன்.

2024 அக்டோபர் 27

இந்தக் குறிப்பு இசையைப் பற்றியது அல்ல என்று சிலர் சொல்லக்கூடும், ஆனால் தலைப்பைத் தொடாமல் ஆல்பத்தைப் பேசி முடிக்க முடியாது.

‘ஆப்சலூட் எல்ஸ்வேர்’ என்பது 1970களில் இங்கிலாந்தில் பால் ஃபிஷ்மன் நடத்திய ஓர் இசைத் திட்டத்தின் பெயர். 1976இல் அவர்கள் வெளியிட்ட ஆல்பத்தில் கிங் கிரிம்சன் புகழ் பில் புரூஃபோர்ட் டிரம்ஸ் வாசித்தார்; அந்த ஆல்பத்துக்குத் தூண்டுதலாக இருந்தது சுவிட்சர்லாந்தின் எரிக் வான் டேனிகன் எழுதிய நூல்கள். பழைய நாகரிகங்களின் பெரும் கட்டுமானங்களை வேற்றுலகத்திலிருந்து வந்தவர்களின் தொடர்பைக் கொண்டு விளக்கியவர் அவர். தொல்லியல் அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. பிளட் இன்கான்டேஷனுக்கு இந்த மோகம் தொடக்கத்திலிருந்தே உண்டு. கீசா பிரமிடை மின்நிலையம் என்று சொல்லும் தலைப்பில் 2019லேயே ஒரு பாடல் வைத்தவர்கள்.

எனக்கு இந்த வகைக் கற்பனையில் எப்போதும் ஓர் உறுத்தல் உண்டு. கல்லைச் சுமந்தவர்களும் கணக்குப் போட்டவர்களும் அந்தந்த ஊர் மக்கள்தாம். அவர்களால் முடிந்திருக்காது என்று எண்ணுவதிலிருந்துதானே இந்தக் கதை பிறக்கிறது? தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தைப் பறக்கும் தட்டு வந்து வைத்துவிட்டுப் போனது என்று ஒருவர் சொன்னால் நமக்குக் கோபம் வராதா? அதே கோபம் எகிப்தியருக்கும் சுமேரியருக்கும் உரியது.

இதைச் சொல்லிவிட்டு, உடனே இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன்: ஸ்டீவ் டாட் வரைந்த அந்த அட்டைப்படத்தைப் பார்த்தபடி ‘தி ஸ்டார்கேட்’டைக் கேட்கும்போது என் உறுத்தல் எங்கோ போய்விடுகிறது. வரலாறாகக் கேட்டால் கசக்கிறது. பழைய அறிவியல் புனைகதையாகக் கேட்டால் இனிக்கிறது. ரீடலின் உறுமலில் சொற்கள் புரிவதில்லை என்பதும் இங்கே ஒரு வசதி.

2024 அக்டோபர் 28

“நீங்கள் வரிகளைப் படித்துப் பார்த்தீர்களா?” என்று கேட்கிறார்கள். படித்தேன். படித்தபிறகும் புரியவில்லை. உறுமலைக் குறை சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

2024 நவம்பர் 25

ஒரு மாதம் இந்தப் பக்கம் வரவில்லை. மூன்று நாட்களுக்கு முன் ஸ்வீடனின் ஓப்பத் குழுவின் புதிய ஆல்பம் வந்தது. 2008க்குப் பிறகு முதன்முறையாக அதன் பாடகர் மிக்கேல் ஆகர்ஃபெல்ட் ஆல்பமொன்றில் உறுமுகிறார். டெத் மெட்டலையும் எழுபதுகளின் ராக் இசையையும் ஒன்றாகக் கையாள்வதில் ஓப்பத் நமக்கெல்லாம் வாத்தியார் என்பதால், இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்த்தேன்.

வேறுபாடு உடனே தெரிந்தது. ஓப்பத் ஒரு மனநிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது படிக்கட்டு கட்டிவிட்டுத்தான் போகும். ஒரு மெட்டு மெலிந்து, கரைந்து, அடுத்ததன் சாயலை முன்கூட்டியே காட்டிவிடும். அது தையல்காரரின் நேர்த்தி. பிளட் இன்கான்டேஷன் படிக்கட்டு கட்டுவதில்லை, குதிக்கிறது. இழையைத் தொடங்கிய நண்பர் எதிர்பார்ப்பது ஓப்பத்தின் படிக்கட்டை என்று இப்போது எனக்குப் புரிகிறது. அக்டோபரில் நான் பேஸையும் டிரம்ஸையும் காட்டி “படிக்கட்டு இருக்கிறது, கீழே பாருங்கள்” என்று வாதிட்டது கொஞ்சம் வழக்கறிஞர் வேலைதான். பாரெட்டின் பேஸ் பற்றி நான் சொன்னது உண்மை; ஆனால் அது குதிப்பை இல்லாமலாக்கவில்லை, குதித்தபின் விழும் இடத்தில் மண் இருக்கும்படி மட்டுமே பார்த்துக்கொள்கிறது.

2024 டிசம்பர் 29

விடுமுறையில் இசைத்தட்டு கைக்கு வந்தது. வீட்டில் பழைய தட்டுச்சுழற்றி ஒன்றைச் சரிசெய்து வைத்திருக்கிறேன். வலதுபுற ஒலி மட்டும் சில சமயம் விடுப்பு எடுத்துக்கொள்ளும்.

இதுவரை நான் ‘தி ஸ்டார்கேட்’டையே பேசியிருக்கிறேன் என்பதைத் தட்டைத் திருப்பும்போதுதான் கவனித்தேன். செயலியில் கேட்கும்போது இருபதாவது நிமிடத்தில் எனக்குக் களைப்பு வந்துவிடும்; ‘தி மெசேஜ்’ அந்தக் களைப்பின் மேல்தான் எப்போதும் வந்து விழுந்தது. தட்டில் அப்படியல்ல. ஊசி தூக்கப்படுகிறது, நாம் எழுந்து போகிறோம், தூசி துடைக்கிறோம், ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கிறோம். அதன்பின் இரண்டாம் பக்கத்தின் முதல் டேப்லெட் புதிய காதுகளில் வந்து மோதுகிறது. அதன் வேகமான, வெளிச்சம் நிறைந்த ரிஃப்கள் முதல் பக்கத்தில் எங்கும் இல்லாதவை. இரண்டாம் டேப்லெட்டில் ரீடல் உறுமாமல் பாடுகிறார். அக்டோபரில் அதை நான் பிங்க் ஃபிளாய்டின் 1971ஆம் ஆண்டுச் சாயல் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டிருப்பேன். சாயல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இவ்வளவு நேரம் மனிதக் குரலாகவே இல்லாத ஒன்று, திடீரென்று சற்று நடுங்கும் ஒரு சாதாரண ஆளின் குரலாக மாறும்போது, எனக்குக் கழுத்தில் மயிர் குத்திட்டு நின்றது. அந்தக் குரல் அவ்வளவு தேர்ந்த குரல் அல்ல என்பதே அதன் பலம்.

பதினொரு நிமிட மூன்றாம் டேப்லெட்டைப் பற்றி என் குறை அப்படியே இருக்கிறது: இறுதியில் இரண்டு நிமிடம் குறைத்திருக்கலாம். ரிஃப்களை மட்டும் தராசில் வைத்தால் 2019ஆம் ஆண்டு ஆல்பமே கனமானது என்பதிலும் மாற்றமில்லை. ஆனால் அந்த ஆல்பத்தில் நான் பாடல்களைத் தேர்ந்து கேட்கிறேன். இதில் ஒரு பக்கத்தைப் போட்டால் நடுவில் எழுந்ததில்லை.

2025 ஜனவரி 4

இழையைத் தொடங்கிய நண்பர் மீண்டும் வந்து, “மூன்று மாதமாக நீங்கள் எழுதியதைச் சேர்த்துப் படித்தால் நான் முதல் நாளில் சொன்னதைத்தான் நீண்ட வழியில் சுற்றிவந்து சொல்லியிருக்கிறீர்கள், ஒட்டுப்போட்டதுதான், ஆனால் உங்களுக்குப் பிடித்திருக்கிறது” என்று எழுதியிருக்கிறார்.

ஒப்புக்கொள்கிறேன், ஒன்றைத் தவிர. ஒரே வீட்டில் முகம் பார்க்காத இரண்டு குடித்தனங்கள் என்றீர்களே, அது மட்டும் சரியில்லை. நேற்றிரவு வலதுபுற ஒலி மறுபடியும் விடுப்பு எடுத்துக்கொண்டது. பாதி கிட்டார் போய்விட்டது, பேஸும் டிரம்ஸும் முன்னால் வந்து நின்றன. முதல் பக்கம் முழுவதையும் அப்படியே கேட்டேன். மேல்மாடியில் யார் சண்டை போட்டாலும் யார் தியானம் செய்தாலும், தரைத்தளத்தில் ஒரே குடும்பம்தான் இருக்கிறது. ஒயரைச் சரிசெய்யும் முன் நீங்களும் ஒரு நாள் வந்து கேட்டுவிட்டுப் போங்கள்.